உங்க வீட்டுத் திண்ணையில் வழக்காறு இல்லையா?

கொல்லிமலைக்கு நாட்டுப்பாடல் சேகரிக்க வருகிற மாணவத் தோழர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, செம்மேட்டில் இறங்கி, தலைசுற்றல் நிற்பதற்குள் 'பாட்டுத் தெரிஞ்ச கிழவி யாராச்சும் இருக்காங்களா?' என்று விசாரிக்கிறீர்கள். ஏன், உங்க ஊர்ல கிழவிகளே கிடையாதா? உங்க அப்பத்தா உங்களைத் தாலாட்டவே இல்லையா? உங்க வீட்டில் எழவு விழுந்ததில்லையா, சீர் செய்ததில்லையா, திருஷ்டி கழித்ததில்லையா?

எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் நடந்தால் அது சம்பிரதாயம். சேரியிலும் மலையிலும் நடந்தால் நாட்டார் வழக்காறு. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தது யார்?

நான் இந்த மலையில் பேங்க் குமாஸ்தா. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். (பேங்க் கவுண்டரைச் சொல்கிறேன், சாதியை அல்ல.) வரவு பற்று பார்ப்பதே பிழைப்பு. அந்தக் கண்ணோடு ஆய்வேடுகளைப் புரட்டினால் கணக்கு உதைக்கிறது. பின்னிணைப்பில் 'தகவலாளர் பட்டியல்' இருக்கும். பெயர், வயது, சாதி, ஊர், தொழில், 'எழுத்தறிவு இல்லை' என்று ஒன்று விடாமல் இருக்கும். சேகரித்தவரின் சாதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார்? பாடின அம்மா அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டாரா, 'தம்பி' என்று கூப்பிட்டாரா? அந்த வீட்டுத் தண்ணியை அவர் வாங்கிக் குடித்தாரா? இதெல்லாம் தரவு இல்லையாம். பாட்டு ஒருத்தியின் பற்றுக் கணக்கில் எழுதப்படுகிறது. பட்டம் இன்னொருத்தர் கணக்கில் வரவாகிறது.

இந்தக் கணக்கைத் திறந்துவைத்தவர்களில் வெள்ளைக்காரர்கள் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம்ம ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளாக அச்சில் ஏற்றினார். மிஷனரி ஹெர்மன் ஜென்சன் 1897இல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார். அந்தக் காலத் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் பேரைச் சொல்லி இழிவு செய்கிற வசவுகள் 'பழமொழி' என்ற பேரில் கிடக்கின்றன. தோழர்களே, அவை சேரியில் பிறந்தவையா? உங்கள் திண்ணையில் பிறந்தவை. வெற்றிலை எச்சிலோடு துப்பப்பட்டவை. ஆதிக்க சாதியின் அசல் நாட்டார் வழக்காறு என்றால் அதுதான். அதைச் சேகரிக்க எந்த மாணவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு தன் பெரியப்பா முன்னால் போய் உட்காருகிறார்?

எதிர்த்திசையில் நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. நா. வானமாமலை 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே சரக்கு கிடைத்திருக்காது. நா.வா. 1971இல் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பனரான முத்துப்பட்டன் அருந்ததியர் வீட்டு அக்கா தங்கச்சி பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ளப் பூணூலை அறுக்கிறான், செருப்புத் தைக்கிறான். பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒட்டுப் போட்டார்கள். ஒரே ஒட்டில் சாதி மறுப்பு சொந்தத்துக்குள் நடந்த கல்யாணமாகிப்போனது. எந்தப் பிரதி, யார் சொன்னது, எந்தச் சாதிக்காரர் முன்னால் சொன்னது என்று கேட்காத சேகரிப்பு அந்த ஒட்டைத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

இந்த மலைக்கும் அப்படியொரு கதை உண்டு. மலையாளிப் பழங்குடியின் பிறப்புக் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி ஆளுக்கொரு மலை ஏறினார்கள். 'காஞ்சிபுரத்து வேளாளர்' என்கிற பாதியை வருகிறவர்கள் எல்லாரும் குறித்துக்கொள்கிறார்கள். மறுபாதி? தர்ஸ்டன் தொகுதியிலேயே உள்ள ஒரு வடிவத்தில், அந்த மூவரில் ஒருவர் கைக்கோளர் பெண்ணையும், ஒருவர் வேடர் பெண்ணையும், ஒருவர் தேவேந்திரப் பள்ளர் பெண்ணையும் கட்டுகிறார்கள். மலையில் அடுப்பு மூட்டியது அந்த மூன்று பெண்கள். நான் கேட்கிறேன்: அப்பன் வழியை எழுதிக்கொண்ட நீங்கள் ஆத்தா வழியைக் கேட்டீர்களா? ஆடி மாதம் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. ராஜாவுக்கு விழா. அந்த மூன்று பேருக்கு ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பாவது எடுப்பீர்களா?

'பாட்டுத்தானே, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா' என்று கேட்கலாம். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில், பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்க என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியல் சொன்னது. தெய்வம், சடங்கு, வழக்கம், கல்யாண முறை, சாவு முறை, பிணம் புதைக்கும் முறை. உங்கள் கையிலிருக்கும் வினாநிரலும் கிட்டத்தட்ட இதுதானே? நீங்கள் மதிப்பெண்ணுக்காகக் கேட்பதை அதிகாரி சான்றிதழுக்காகக் கேட்கிறார். 'இவங்க பழைய சடங்கையெல்லாம் விட்டுட்டாங்க' என்று நீங்கள் வருத்தத்தோடு எழுதும் ஒற்றை வரி, ஒரு பிள்ளையின் காலேஜ் சீட்டுக்கு எதிராக நிற்க முடியும். இந்த ஒப்புமைச் சோதனையே உரைகல் ஆகாது என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலில் மாவட்டப் பெயர் இல்லாததாலேயே ஈரோடு மாவட்டத்து மலையாளிகள் சான்றிதழுக்காகப் போராடி வந்திருக்கிறார்கள். ஆக, வழக்காறு என்பது அருங்காட்சியகச் சரக்கு இல்லை. எங்க ஆட்களுக்கு அது ரேஷன் கார்டு மாதிரி.

அமெரிக்காவைப் பார்த்துக் கத்துக்கோ என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அங்கேயும் 1890இல் ஃபியூக்ஸ் என்பவர் மெழுகு உருளையோடு போய்ப் பாசமகுவாடி பழங்குடியின் பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்படிப் பிடித்த உருளைகளின் நகலை அந்தந்தச் சனங்களிடம் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 1979இல்தான் தொடங்கியது. அசலைக் கட்டவே இத்தனை வருசம், வட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அதே நாட்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலன் டண்டிஸ் என்ற பேராசிரியர் வேறொன்று செய்தார். பொதுவாக ஒன்றைப் பகிர்ந்துகொள்கிற எந்தக் கூட்டமும் 'நாட்டார்'தான் என்றார். வகுப்புக்கு வந்த மாணவர்களைத் தங்கள் சொந்தக்காரர், சிநேகிதர், அக்கம்பக்கத்தார் வாயிலிருந்தே சேகரிக்க வைத்தார். அம்மாவின் கைவைத்தியம், ஹாஸ்டல் பேய்க்கதை, கேலிப்பேச்சு, இனவெறி ஜோக்கு எல்லாம் வந்தன. யார் சொன்னது, எங்கே சொன்னது, சொன்னவருக்கு அதில் என்ன அர்த்தம் என்பதும் கூடவே வந்தது. இனவெறி ஜோக்கையும் மறைக்காமல் ஆய்வுக்கு எடுத்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

நம்ம கல்லூரிகளில் அப்படி ஒரு வருசம் நடந்து பார்க்கட்டும். ஒவ்வொரு மாணவரும் முதலில் சொந்த வீட்டைச் சேகரிக்கட்டும். வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் எந்த இடத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது? கொல்லைப்புற வாசல் யாருக்காக? 'அவங்க' தொட்ட பிறகு எதன்மேல் தண்ணி தெளிக்கிறார்கள், அப்போது வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறார்கள்? காதலித்த பெண்ணைப் பயமுறுத்த வீட்டில் எந்தக் கதையைச் சொல்கிறார்கள்? சொல்பவர் பெயர், வயது, சாதி, தொழில், எழுத்தறிவு எல்லாம் பட்டியலில் வரட்டும். டாக்டர் பட்டம் வாங்கின சித்தப்பாவும் தகவலாளியாகட்டும். அன்றைக்குத்தான் நாட்டார் வழக்காற்றியல் சாதியின் நோய்க்குறிப்பேடாக மாறும்.

சேரிக்குள் இருந்து படிக்க வந்த தம்பி தங்கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. நம் அம்மாக்களின் ஒப்பாரியில் எந்தப் பண்ணையாரின் பேர் வருகிறது, எந்த வரியை வெளியாள் வந்தால் விழுங்கிவிடுகிறார்கள் என்பது நமக்குத்தான் தெரியும். அதை எழுதுங்கள். எழுதினால் யார் வேலைக்கு, யார் வீட்டுக்கு ஆபத்து வரும் என்பதையும் பாடினவர்களிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் மலைக்கு வாங்க, வேண்டாமென்று சொல்லவில்லை. பாடினவர் சம்மதித்தால் அவர் பெயரை அட்டையில் உங்கள் பெயரோடு போடுங்கள். ஒரு பிரதியை இங்குள்ள பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வையுங்கள். பேத்தி அதைச் சத்தமாக வாசிக்க, பாடின கிழவி 'இந்த எடத்துல தப்பா எழுதிப்புட்டான்' என்று சொல்லட்டும். திருத்தி எழுதிக்கொண்டு போங்கள்.