‘இந்தப் புத்தகம் கடினம்’ – யார் சொல்வது?

பொறியியல் கல்லூரியில் கட்டடவியல், எந்திரவியல் முதலிய துறைகளில் சேருபவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் பாடம் ஒன்று உண்டு. மாணவர் வழக்கில் அதன் பெயர் எஞ்சினீரிங் மெக்கானிக்ஸ். தமிழில் பொறியியல் விசையியல் எனலாம். பாலம் ஏன் நிற்கிறது, ஏணி எப்போது சறுக்குகிறது, பாரந்தூக்கியின் கம்பி எவ்வளவு இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை காணும் முறையை அது கற்றுத் தருகிறது. பள்ளியில் திருப்புத்திறன்களின் தத்துவத்தைப் படிக்கும்போதே நீங்கள் அப்பாடத்தின் வாயிற்படியில் கால் வைத்துவிடுகிறீர்கள்.

அப்பாடத்துக்கு எந்த நூல் நல்லது என்று மூத்த மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். “தியரி புரிகிறது, கணக்குதான் வரவில்லை” என்பார் ஒருவர். “போட்டுக் காட்டிய கணக்குகள் குறைவு, வாங்காதே” என்பார் இன்னொருவர். “அந்தத் தடிப் புத்தகத்தைத் தொடவே வேண்டாம், கைடு போதும், பாஸ் பண்ணிவிடலாம்” என்று மூன்றாமவர் காதோடு சொல்வார். நான் இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியன். ஆண்டுதோறும் இக்கருத்துகளைக் கேட்டு வருகிறேன். இவற்றுள் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. சக ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நூலை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. ஸ்டீபன் டிமோஷென்கோவும் டி. எச். யங்கும் சேர்ந்து எழுதிய ‘எஞ்சினீரிங் மெக்கானிக்ஸ்’ 1937-ல் முதன்முதலாக வெளிவந்தது. டிமோஷென்கோ 1878-ல் இன்றைய உக்ரைன் நாட்டில் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க் நகரில் படித்து, கீவ் நகரில் பேராசிரியராக இருந்தார். 1922-ல் அமெரிக்கா சென்றார். அங்கே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்திலும், பின்னர் மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றினார். 1972-ல் மறைந்தார். அவருடைய நூலை நம் நாட்டு ஆசிரியர்கள் திருத்தி, எஸ்.ஐ. அலகுகளுக்கு மாற்றிய பதிப்பும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியபின் ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறிய ஒருவர் எழுதிய ஆங்கிலப் பாடநூலை நம் மாணவர்கள் “இங்கிலீஷ் கடினம்” என்று சொல்வதுண்டு. அவரும் நம்மைப் போல ஆங்கிலத்தைப் பிற மொழியாகக் கற்றவர்தான் என்று நான் வகுப்பில் சொன்னால் ஒரு சிரிப்பு எழும். கொஞ்சம் தைரியமும் வரும்.

இந்த நூலின் மீது மாணவர்கள் சொல்லும் குறைகள் இரண்டு. விளக்கம் சுருக்கம், பயிற்சிக் கணக்குகளுக்கு விடை இருக்கிறதே தவிர வழி இல்லை. பீரும் ஜான்ஸ்டனும் எழுதி 1962-ல் வந்த வெக்டர் முறை நூலையும், 1974-ல் முதல் பதிப்பு கண்ட ஹிப்பெலரின் நூலையும் இதற்கு எதிராக நிறுத்துவார்கள். அவற்றில் படங்கள் அதிகம். கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டும் பகுதிகளும் அதிகம். நல்ல நூல்கள்தாம். ஆனால் ‘வழி இல்லை’ என்பது ஒரு நூலின் குறைதானா? இதில்தான் நான் மாணவர்களோடு மாறுபடுகிறேன்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வீட்டுக் கொல்லையில் இரண்டு தூண்களுக்கு இடையே துணி காயப்போடும் கொடிக்கயிறு கட்டியிருக்கிறது. அதன் நடுவில் 20 நியூட்டன் எடையுள்ள ஈரத்துணியைத் தொங்கவிடுகிறோம். கயிறு இருபுறமும் கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் தாழ்கிறது. கயிற்றில் இழுவிசை எவ்வளவு? துணி தொங்கும் புள்ளியை மட்டும் தனியே எடுத்துப் படம் வரைய வேண்டும். அப்புள்ளியின்மேல் செயல்படும் விசைகள் மூன்று: கீழ்நோக்கி எடை, இருபுறமும் சாய்வாக மேல்நோக்கி இழுவிசை. இதற்குத் தனித்த பொருளின் விசைப்படம் என்று பெயர். இரண்டு இழுவிசைகளின் செங்குத்துக் கூறுகளும் சேர்ந்து எடையைத் தாங்க வேண்டும். ஆகவே இழுவிசையையும் கோணத்தின் சைன் மதிப்பையும் பெருக்கி, அதை இரட்டித்தால் எடை வர வேண்டும். சைன் 30 பாகை என்பது அரை. எனவே இழுவிசை 20 நியூட்டன். கணக்கு முடிந்தது.

போட்டுக் காட்டிய கணக்கைப் படிப்பவர் இவ்விடத்தில் தலையசைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். தானே போட்டவர் புரட்டமாட்டார். கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்பார். கோணம் 10 பாகையாகக் குறைந்தால் இழுவிசை ஏறக்குறைய 58 நியூட்டன். 5 பாகைக்கு 115. ஒரே ஒரு பாகைக்கு 573 நியூட்டன்! இரண்டு கிலோ துணியைத் தாங்க, ஐம்பத்தேழு கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு விசை கயிற்றில் இருக்கிறது. கயிறு முற்றிலும் நேராக இருக்க வேண்டுமானால் இழுவிசைக்கு எல்லையே இல்லை. துணி போட்ட கொடியைத் தொய்வே இல்லாமல் கட்ட எவராலும் முடியாது என்பதை இப்போது அவர் அறிவார். மின்கம்பிகள் இரண்டு கம்பங்களுக்கிடையே ஏன் தொய்ந்தே இருக்கின்றன என்பதையும் அவரே ஊகித்துக்கொள்வார்.

மற்றொரு பயனும் உண்டு. நூலின் பின்பக்கத்தில் இத்தகைய கணக்கு ஒன்றுக்கு விடை 8 நியூட்டன் என்று அச்சாகியிருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் போடாமலே அது அச்சுப்பிழை என்று அவர் சொல்லிவிடுவார். கயிறு நேர் செங்குத்தாகத் தொங்கினால்கூட ஒவ்வொரு பக்கமும் எடையில் பாதியை, அதாவது 10 நியூட்டனைத் தாங்கியே தீர வேண்டும் அல்லவா? சாய்ந்தால் அது கூடுமே தவிரக் குறையாது. நூலையே திருத்தும் உரிமை அந்த மாணவருக்கு வந்துவிட்டது.

கைடுகள் இந்த உரிமையைத் தருவதில்லை. கேள்வியின் எண்களை மாற்றினால் போடத் தெரியும். கேள்வியையே மாற்றினால் கை நின்றுவிடும். இது மாணவரின் குற்றமன்று. அவர் விசைப்படத்தைப் பார்த்திருக்கிறார், வரைந்ததில்லை. நீச்சலைக் கரையில் நின்று பார்த்தவரைக் கிணற்றில் இறக்கியது போலத்தான்.

சரி, மாணவர்கள் ஏன் வழி போட்டுக் காட்டும் நூலே சிறந்தது என்று உண்மையாகவே நம்புகிறார்கள்? சோம்பல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது ஆசிரியர்களுக்கு எளிது. ஆனால் 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு காரணத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அனுபவமுள்ள ஆசிரியர் தங்குதடையின்றி விரிவுரை ஆற்றினார். மற்றப் பிரிவினர் அதே பாடத்தைச் சிறு குழுக்களாக உட்கார்ந்து, முதலில் தாமே கணக்குகளோடு மல்லுக்கட்டிக் கற்றார்கள். அடுத்த பாடத்துக்குப் பிரிவுகளை மாற்றிக்கொண்டார்கள். அந்த இரண்டு பாடங்களுள் ஒன்று நிலைச் சமநிலை; நம் விசையியலின் முதல் அதிகாரமேதான்! வகுப்பு முடிந்ததும் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். உடனே ஒரு தேர்வும் வைத்தார்கள். விரிவுரை கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்களோ, மல்லுக்கட்டியவர்கள்.

இதன் பொருள் என்ன? வழுக்கிக்கொண்டு போகும் விளக்கம் நமக்குப் புரிந்த உணர்வைத் தருகிறது. தடுமாறிக் கற்கும்போது, நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற உணர்வு வருகிறது. இரண்டு உணர்வுகளும் அளவுகோலாகப் பயன்படவில்லை. அதே ஹார்வர்டில் எரிக் மசூர் என்னும் பேராசிரியரும் 1990 வாக்கில் இதைக் கண்டார். மாணவர்கள் அவருடைய கற்பித்தலை உயர்வாக மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் பெரிய கணக்குகளைப் போடத் தெரிந்த அவர்களிலேயே பலர், நியூட்டனின் விதிகளைப் பற்றிய எளிய சொற்கேள்விகளுக்குத் தவறாக விடை எழுதினார்கள்.

எனவே ‘கடினம்’, ‘எளிது’ என்ற கருத்துகளை வைத்து ஒரு நூலை ஏற்கவோ தள்ளவோ கூடாது என்பது என் கட்சி. கல்லூரி நூலகம் இக்கருத்துகளைக் கேட்டு நூல் வாங்கத் தொடங்கினால், சில ஆண்டுகளில் அலமாரி முழுவதும் கைடுகளாகவே இருக்கும். இது கற்பனை அச்சமன்று.

அதற்காக மாணவர் கருத்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில செய்திகளை மாணவர்கள் மட்டுமே சொல்ல முடியும். முதலாவது, மொழி. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து வந்த ஒரு பெண், “புத்தகம் கடினம்” என்று சொல்கிறாள். விசாரித்துப் பார்த்தால், திருப்புத்திறன் அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. ‘மொமெண்ட்’ என்ற சொல்லைக் கண்டு நேரத்தைக் குறிப்பதாக எண்ணிக்கொண்டாள். உராய்வு தெரியும், ‘ஃப்ரிக்‌ஷன்’ தெரியாது. அவளுக்குக் கடினமாக இருப்பது விசையியல் அன்று, முப்பது நாற்பது ஆங்கிலச் சொற்கள். ஒரு தாளின் இரு பக்கங்களில் எழுதி முடித்துவிடலாம். அதைச் செய்து தராமல் “பாடம் உனக்கு எட்டாது” என்று அவளை நம்பவைத்தால், நல்ல பொறியாளர் ஒருவரை நாம் முதல் பருவத்திலேயே இழக்கிறோம். இப்படி இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘கடினம்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஆசிரியர் அடுத்துக் கேட்க வேண்டியது, ‘எந்த வரியில்?’ என்பது.

இரண்டாவது, படங்கள். எந்த விசை எதன்மேல் செயல்படுகிறது என்பதை அம்புக்குறி தெளிவாகக் காட்டுகிறதா என்று புதிதாகப் படிப்பவரே சொல்ல முடியும். ஆசிரியரின் கண் பழகிவிட்டது. இல்லாத அம்புக்குறியையும் அது பார்த்துவிடும். பிழையான விடைகள், முன்பின்னாக அமைந்த பகுதிகள் ஆகியவற்றைப் பற்றியும் மாணவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். விலையைப் பற்றிச் சொல்வதையும்தான். ஆயிரம் ரூபாய்ப் புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தும், வாங்க முடியாதவருக்கு அது இல்லாத புத்தகம்தான்.

கருத்துத் தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால் ‘இந்நூல் உங்களுக்குப் பிடித்ததா?’ என்று கேட்கமாட்டேன். எத்தனை கணக்குகளை விடையை மறைத்துக்கொண்டு போட்டீர்கள், எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டீர்கள், அங்கே தடுத்தது சொல்லா, படமா, கணிதமா என்று கேட்பேன். ஒரு கணக்கும் போடாதவரின் கருத்தைப் படித்துவிட்டு, மரியாதையோடு தனியே எடுத்து வைத்துவிடுவேன்.

நீங்களும் உங்கள் இயற்பியல் பாடநூலை இம்முறையில் மதிப்பிடலாம். அதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சீரான ஏணி ஒன்று, எடை 200 நியூட்டன், வழவழப்பான சுவரில் சாய்ந்து தரையோடு 60 பாகைக் கோணத்தில் நிற்கிறது. அது சறுக்காதிருக்கத் தரையின் உராய்வுக் குணகம் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? 600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் அதன் உச்சிவரை ஏறி நின்றால் எவ்வளவு வேண்டும்? விடைகள்: முதலாவதற்கு 0.29, இரண்டாவதற்கு ஏறக்குறைய 0.5. வெள்ளையடிப்பவர் மேலே ஏறும்போது கீழே ஒருவர் ஏணியின் காலை ஏன் மிதித்துக்கொள்கிறார் என்பது அந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருக்கிறது. வழியை நான் தரவில்லை.