கணக்குப் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் மே மாதத்தில், எங்கள் தீர்த்தமலையில் இரண்டு வகையான யாத்திரிகர்களைக் காணலாம். மலையேறி, ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்துக்கொண்டு, தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்து இறங்குகிறவர்கள் ஒரு வகை. மதிப்பெண் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உபாத்தியாயர் வீட்டுத் திண்ணையைத் தேடி வரும் தகப்பனார்கள் மற்றொரு வகை. இவர்களுக்குச் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: "ஸார், பெண் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். பி.எஸ்ஸி. கணக்கில்தான் சேருவேன் என்று பிடிவாதம் செய்கிறாள். அதைப் படித்தால் என்ன ஆகும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்கள் பட்டணத்துக்காரர்கள். இரண்டு ஏக்கர் மரவள்ளியை நம்பியிருக்கும் வீட்டில், காலேஜ் வாசற்படியை முதன்முதலாக மிதிக்கப் போகிற பெண்ணுக்கு மூன்று வருஷம் என்பது சாமான்யமான முதலீடு அல்ல. உத்தியோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டத்தோடு பி.எட். படித்து, தகுதித் தேர்விலும் தேறினால் உபாத்தியாயர் வேலைக்கு முயலலாம். பாங்கு, இன்ஷூரன்ஸ், சர்க்கார் பரீட்சைகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆகிய எல்லா இடங்களிலும் கணக்குப் படித்தவர்களுக்கு இடம் உண்டு. இவ்வளவும் தகப்பனாருக்கு. பெண்ணுக்குச் சொல்லவேண்டியது வேறு. தான் படிக்கப் போவது இன்னதென்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் கணக்கு என்ற பெயரில் கற்பிப்பது பெரும்பாலும் விடை காணும் வித்தை. சூத்திரத்தை மனப்பாடம் செய். எண்களை அதில் போடு. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழு. காலேஜில் போதிக்கும் கணிதம் இதன் அண்ணன் அல்ல, வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே "விடை என்ன?" என்று கேட்பது குறைவு. "அப்படித்தான் என்பது உனக்கு எப்படித் தெரியும்?" என்றே கேட்பார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும், பிறகு 41-ஐயும் கூட்டுங்கள். 1 என்றால் 43 வரும். 2 என்றால் 47. 3 என்றால் 53. எல்லாம் பகா எண்கள். பூஜ்யத்திலிருந்து 39 வரைக்கும் நாற்பது தடவை போட்டுப் பார்த்தாலும் பகா எண்ணே வருகிறது. நாற்பது பானையில் நாற்பது சோறு பதம் பார்த்தாகிவிட்டதே, இனி என்ன சந்தேகம் என்று தோன்றும். 40-ஐப் போட்டால் 1681 வருகிறது. அது 41-ஐ 41-ஆல் பெருக்கிய தொகை; மானம் போயிற்று!

மாறாக, வாசலில் புள்ளிக் கோலம் போடும் தாய்மார்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைப் புள்ளி வைத்திருக்கிறீர்கள். அதை நான்குக்கு நான்காகப் பெரிதாக்கவேண்டுமானால் பக்கத்தில் மூன்று, கீழே மூன்று, மூலையில் ஒன்று, ஆக ஏழு புள்ளிகள் வேண்டும். அடுத்த தடவை ஒன்பது, அதற்கடுத்துப் பதினொன்று. ஆகவே ஒன்றிலிருந்து ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால், எங்கே நிறுத்தினாலும் ஒரு வர்க்க எண்தான் கிடைக்கும். இதைக் கோடி தடவை சோதிக்க வேண்டியதில்லை. கோலம் எவ்வளவு பெரிதானாலும் மூலைப் புள்ளி ஒன்றுதான் என்பதே போதும். இதற்குத்தான் நிரூபணம் என்று பெயர். பி.எஸ்ஸி. கணிதம் என்பது மூன்று வருஷமும் இந்த ஒரு காரியந்தான்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம், "ராமானுஜன் பட்டமா வாங்கினார்?" என்று கேட்பார். கும்பகோணத்திலும், பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிலும் படித்து, கணிதம் தவிர்த்த பாடங்களில் கோட்டைவிட்டு, அவர் எப்.ஏ. தேறாமலே போனது உண்மை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1913-இல் சென்னைச் சர்வகலாசாலையின் 75 ரூபாய் உபகாரச் சம்பளம். 1914-இல் கேம்பிரிட்ஜ் பயணம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவர் இளமையில் கற்ற முக்கியமான புத்தகம் ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசைப்படுத்திய ஒரு தொகுப்பு. நிரூபணம் அதில் அற்பம். அதன் விளைவாக, பகா எண்களைப் பற்றி அவர் இங்கிருந்து எழுதியனுப்பிய முடிவுகளில் சில பிழையாயின என்பதை ஹார்டியே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மேதையே நிரூபணத்தைச் சீமைக்குப் போய்க் கற்க நேர்ந்ததென்றால், நம் குழந்தைகள் அதை அரூரிலேயே கற்பதற்கு வழி செய்வதுதானே நியாயம்?

மேதையின் கதையைவிட நமக்கு உபயோகமானது எம். எஸ். நரசிம்மனுடைய கதை. 1932-இல் பிறந்த அவர் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த கிராமத்துக் குடும்பத்துப் பிள்ளை. சென்னை லயோலா கலாசாலையில் சேர்ந்தபோது அங்கே பாதிரியார் ரசீன் என்ற பிரெஞ்சுக்காரர் கணிதம் போதித்துக்கொண்டிருந்தார். பாரிஸில் புதிய கணிதம் உருவாகும்போது கூட இருந்து பார்த்தவர் அவர். பாடத்திட்டத்தோடு நில்லாமல், உலகத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னார். நரசிம்மனும், அதே கலாசாலையில் படித்த காஞ்சிபுரத்து சி. எஸ். சேஷாத்ரியும் 1953-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். 1965-இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் உலகமெங்கும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகிறது. ஆகையால் காலேஜைத் தேடும்போது கட்டிடத்தை விசாரிக்காதீர்கள். ரசீனைப் போன்ற ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள்.

பிற்காலத்தில் சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய சென்னை கணிதவியல் நிறுவனம் சிறுசேரியில் இருக்கிறது. 1998 முதல் அங்கே இளங்கலை வகுப்பு நடக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கணிதப் பட்டப் படிப்பு பெங்களூரில் இருக்கிறது. எங்கள் ஜில்லாவுக்குச் சென்னையைவிடப் பெங்களூர் பக்கம். இரண்டிடத்திலும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மாத்திரம் செல்லாது. தனி நுழைவுப் பரீட்சை உண்டு. அதில் காரணம் காட்டி நிரூபிக்கும் கேள்விகள் வரும். இந்தப் பரீட்சைகள் பெரும்பாலும் மே மாதத்தில் நடப்பவை. விண்ணப்பம் அதற்கு முன்பே, மார்ச்சு ஏப்ரல் வாக்கில் முடிந்துவிடும். மே மாதம் என் திண்ணைக்கு வருகிற தகப்பனாரிடம் இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. பதினோராம் வகுப்பில் வந்து கேட்டிருக்கலாகாதா!

வராதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. அரூரிலும் தர்மபுரியிலும் சர்க்கார் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இங்கே சேருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமது பல்கலைக்கழகங்களில் முதல் வருஷத்தில் நுண்கணிதம், முக்கோணவியல் என்று பள்ளிக்கூட வாசனையுள்ள பாடங்களே பெரும்பாலும் வருகின்றன. மாணவர்கள் 'ரியல் அனாலிசிஸ்' என்று பயபக்தியுடன் உச்சரிக்கும் பாடமும், குலம், வளையம் முதலியவற்றைப் பற்றிய இயற்கணிதமும் பெரும்பாலும் மூன்றாம் வருஷத்தில் ஒரே சமயத்தில் தலையில் இறங்கும். இரண்டு வருஷம் பழைய பழக்கத்திலேயே காலத்தைக் கழித்தவர்கள், உச்சி வெயிலில் வெறுங்காலோடு எங்கள் மலைப்படி ஏறுகிறவர்களைப் போல் தவிக்கிறார்கள். பலர் அந்த வருஷந்தான் நிரூபணங்களை நெட்டுருப் போட ஆரம்பிக்கிறார்கள். இதைவிடப் பரிதாபமான காட்சி கிடையாது.

எனவே முதல் வருஷத்திலேயே, பரீட்சைக்கு வேண்டியிராவிட்டாலும், தினம் ஒரு நிரூபணம் சொந்தமாக எழுதிப் பழக வேண்டும். பார்ட்டில், ஷெர்பர்ட் இருவரும் எழுதிய பகுப்பாய்வுப் புத்தகத்தைக் கல்லூரி நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். அதன் இங்கிலீஷ் எளிது. தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் ஆறு மாதம் நிரூபணத்தைத் தமிழிலேயே எழுதட்டும். புரிந்ததைப் பிற்பாடு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். புரியாததை எந்தப் பாஷையில் எழுதினாலும் ஒன்றுதான். எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய கணிதப் பயிற்சி முகாம் ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் கூட்டிவைத்து, கேள்வி கேட்கவும் தவறாக விடை சொல்லவும் தைரியம் கொடுப்பது அதன் முறை. முதல் வருஷத்திலேயே அதைப் பற்றி விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எம்.எஸ்ஸி.யை ஐ.ஐ.டி.யில் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 'ஜாம்' என்னும் பரீட்சை இருக்கிறது. மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் வரும் அந்தப் பரீட்சைக்கு இரண்டாம் வருஷத்திலேயே ஆயத்தம் தொடங்கினால்தான் நடக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டில் தொடங்கியது, ஆண் பிள்ளைகளுக்கும் அதுபோல் 2024-இல் ஒன்று வந்தது. சேரும்போதே கல்லூரி ஆபீஸில் விசாரித்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதல் மாதத்துப் பணத்தில் இருநூறு பக்கத்து நோட்டுப் புத்தகம் ஆறு வாங்கிக் கொடுங்கள். கோடு போட்டதாயிருந்தாலும் சரி, போடாததாயிருந்தாலும் சரி. வருஷக் கடைசியில் அவை நிரம்பியிருக்கின்றனவா என்று தகப்பனாரே புரட்டிப் பார்க்கலாம். அதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.