எண்ணெய் கடையும் வித்தை

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் தாய்மாமன் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடிந்தபின், மனத்தில் வைத்திருந்த கேள்வியை வெளியிட்டார்.

"மாப்பிள்ளை, எண்ணெய்க் கிணற்றுக்குள் சவுக்காரத் தண்ணீரை விட்டு எண்ணெயைக் கழுவி எடுக்கிறார்களாமே, மெய்தானா? ரயிலிலே எண்ணெய் வண்டியெல்லாம் பார்க்கிறவன், உனக்குத் தெரிந்திருக்குமே!"

எண்ணெய் வண்டிகளின் எண்களை ஏட்டில் ஏற்றுவது என் வேலையே தவிர, எண்ணெய் எங்ஙனம் பிறக்கிறது என்பதை அறிவது என் வேலையன்று. எனினும் மாமாவிடம் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன், மாமா" என்றேன். இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததும், வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்ததுமே இம்மாதப் பத்தியின் பொருளாயின.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். பூமிக்குள் எண்ணெய் ஏரிபோல் தேங்கிக் கிடக்கிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது மணற்பாறையின் நுண்துளைகளில், பஞ்சில் ஊறிய நீரைப்போல் ஊறிக் கிடக்கிறது. கிணறு தோண்டியதும் நிலத்தடி அழுத்தத்தால் ஒரு பங்கு தானே மேலெழுகிறது. அழுத்தம் தளர்ந்ததும், வேறு கிணறுகள் வழியாக நீரைச் செலுத்தி இன்னொரு பங்கைத் தள்ளி எடுக்கிறார்கள். இவ்வளவும் செய்தபின்னும், பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பாறையை விட்டு வருவதில்லை. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்குகிறது. கையிலிருக்கும் வயலிலேயே பாதிச் சொத்து புதைந்து கிடக்க, கடன் வாங்கிக் காலந்தள்ளும் குடும்பத்தின் நிலை இது.

ஏன் வருவதில்லை? எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தை வெறும் நீரில் கழுவிப் பார்த்த எந்தத் தாய்க்கும் விடை தெரியும். நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் ஓர் இழுவிசை உண்டு. அது எண்ணெயைத் துளியாகவே இறுக்கிப் பிடித்து வைக்கிறது. அத்துளி பாறையின் குறுகிய கழுத்துக்குள் நுழைந்து நெளிந்து வெளிவர மாட்டாது. அந்த இழுவிசையை ஆயிரத்தில் ஒரு பங்காக, பதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் துளி அசையும். அங்ஙனம் குறைக்கவல்லது சவுக்காரமும் அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களுமே. அவற்றின் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். இரண்டுக்கும் இடையில் நின்று சமாதானம் செய்து வைப்பதே அவற்றின் தொழில்.

இதை என் மகளுக்கு விளக்கப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவாயிற்று. ஒரு சீசாவில் கடலை எண்ணெயும் காவிரிக் குழாய் நீரும் விட்டுக் குலுக்கினோம். சில நிமிடங்களில் இரண்டும் பிரிந்தன. மைசூர் சாண்டல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினோம். பால்போல் வெளுத்து அப்படியே நின்றது. இதுவே பால்மம் என்பது. பசும்பாலும் ஒரு பால்மமே. நெய்த்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு மெல்லிய ஆடை போர்த்திருக்கிறது. மத்தால் கடையும்போது அந்த ஆடை கிழிந்து துளிகள் கூடுகின்றன, வெண்ணெய் திரள்கிறது.

அடுத்து, அதே சீசாவில் இரண்டு கை உப்பைப் போட்டோம். சற்று நேரத்தில் சவுக்காரம் திரிதிரியாய் ஒதுங்கியது, எண்ணெய் மேலே மிதந்தது. மகளுக்கு வியப்பு, எனக்கு அவ்வளவாக இல்லை. சவுக்காரம் காய்ச்சும் ஆலைகளில் உப்பைக் கொட்டித்தான் சவுக்காரத்தை அடிநீரிலிருந்து பிரிப்பார்கள் என்று முன்பே படித்திருந்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குக் கப்பலேற முடியாமல் தேங்கியபோது, மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கி, பின்பு சவுக்காரமும் செய்யத் தொடங்கிய கதை இவ்வூரில் குடியேறிய நம்மவர்க்குப் புதிதன்று.

சவுக்காரம் போர்த்திய எண்ணெய்த் துளிகள் ஒவ்வொன்றும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆகையால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. உப்பு கரைந்ததும் அதன் நேர்மின் துகள்கள் அத்துளிகளைச் சூழ்ந்து, விலக்கும் ஆற்றலை மறைத்துவிடுகின்றன. சோடியத்தைவிடக் கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் இவ்வாற்றல் பன்மடங்கு அதிகம். மேலும், அவை சவுக்காரத்தோடு கூடிக் கரையாத கசடாகிவிடும். குழாயில் காவிரி நீர் வராத நாள்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் துணி துவைத்து, நுரையே வராமல் அலுத்துக்கொண்ட தாய்மார்கள் அந்தக் கசடைக் கண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு தோல்வியையும் சொல்லியாக வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவத்தை வேறொரு சீசாவில் இட்டு அதே சோதனையைச் செய்தோம். உப்பை எவ்வளவு கொட்டியும் பால்மம் மேலே ஏடாக ஒதுங்கியதே தவிர, எண்ணெயாகப் பிரியவில்லை. "அப்பா, புத்தகம் பொய்யா?" என்றாள் மகள். புத்தகம் பொய்யன்று. அத்திரவம் சவுக்காரமே அன்று. கந்தகம் கலந்த தலையையுடைய செயற்கைப் பொருள். உப்பு நீருக்கும் கடின நீருக்கும் அது எளிதில் பணியாது. எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்தப்படுவதும் பெரும்பாலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஏனெனில், பாறைக்குள் ஏற்கெனவே உள்ள நீர் உப்பு நீர். சில இடங்களில் கடல் நீரைவிட உப்பு மிகுந்தது.

ஆயினும் உப்பு அங்கே வெறும் பகைவன் அன்று. உப்பு குறைவாயிருந்தால் இப்பொருள் நீரோடேயே தங்கிவிடுகிறது. மிகுதியானால் எண்ணெய்க்குள் புகுந்துகொள்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் மட்டும் நீரையும் எண்ணெயையும் ஒருங்கே தாங்கிய மூன்றாம் அடுக்கு ஒன்று உருவாகிறது. அப்போதுதான் இழுவிசை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. இம்மூன்று நிலைகளையும் வின்சர் என்ற ஆங்கில வேதியியலார் 1948 இல் வகுத்துக் காட்டினார். ரசத்துக்கு உப்பு நிதானிக்கும் கை வேண்டும் என்பார்களே, அந்தக் கை இங்கும் வேண்டும். கஷ்டம் என்னவென்றால், பாறைக்குள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ருசி பார்க்க இயலாது. சோதனைச் சாலையில் சரியாயிருந்த அளவு, கீழே உள்ள உப்பு நீரோடு கலந்ததும் மாறிவிடுகிறது. களிமண்ணும் பாறையும் ஒரு பங்கு மருந்தை விழுங்கிவிடுகின்றன.

நம் நாட்டில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. குஜராத்தின் விராஜ் வயலில் 2002 இல் எண்ணெய், இயற்கை வாயுக் கழகம் ஒரு சோதனையைத் தொடங்கியது. சலவைச் சோடாவும், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும், நீரைக் கெட்டியாக்கும் பாலிமரும் சேர்ந்த கலவையைப் பாறைக்குள் செலுத்தினார்கள். சோடாவின் வேலை நயமானது: கச்சா எண்ணெயிலேயே உள்ள அமிலங்களோடு கூடி, பாறைக்குள்ளேயே சவுக்காரம் காய்ச்சிவிடுகிறது! ராஜஸ்தானத்தில் 2004 இல் கண்டுபிடிக்கப்பட்ட மங்களா வயலில் பாலிமர் கலந்த நீரைப் பெரிய அளவில் செலுத்துகிறார்கள். மூன்றும் சேர்ந்த கலவையையும் அங்கே சோதித்திருக்கிறார்கள். சீனத்தின் தாச்சிங் வயலில் 1990களிலிருந்தே இம்முறை பயின்று வருகிறது.

தாச்சிங்கில் ஒரு பாடமும் கிடைத்தது. உள்ளே பால்மமாக்கிப் பிடுங்கிய எண்ணெய், வெளியே வந்தபின்னும் பால்மமாகவே நின்று அடம்பிடித்தது. நீரைப் பிரிப்பது பெரும்பாடாயிற்று. சோடா பாறையைக் கரைத்ததால் பம்புகளில் காரை படிந்தது. சவுக்காரம் செலுத்தாத கிணறுகளிலும் இத்தொல்லை ஓரளவு உண்டு. கச்சா எண்ணெயிலுள்ள தாரைப் போன்ற பகுதி, நீர்த்துளிகளைச் சுற்றித் தானே தோல் கட்டிக்கொள்கிறது. அந்தத் துளிகளுக்குள் இருப்பது உப்பு நீர். அதைப் பிரிக்காமல் சுத்திகரிப்பு ஆலையில் சூடேற்றினால், மக்னீசிய, கால்சிய உப்புகள் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி இரும்பை அரித்துவிடும். ஆகவே, கச்சா எண்ணெயை முதலில் நன்னீரில் அலசி, தோலை உடைக்கும் மருந்து ஒன்றைச் சிறிதளவு சேர்த்து, உயர் மின்னழுத்தத்துக்கு இடையே செலுத்துகிறார்கள். துளிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பெருத்து அடியில் இறங்குகின்றன. மின்சாரத்தால் இவ்வாறு பிரிக்கும் முறைக்குக் காட்டிரெல் என்ற அமெரிக்கர் 1911 இல் காப்புரிமை பெற்றார். மின்சாரத்தால் மோர் கடைவது என்றே நான் மகளுக்குச் சொன்னேன், அவள் ஒப்புக்கொண்டாள்.

இவ்வளவும் அறிந்தபின் மாமாவை அழைத்தேன். சவுக்கார முறை உண்மைதான் என்றும், நான் படித்த சோதனைகள் குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் நடந்தவை என்றும் சொன்னேன். அவர் அதோடு விடவில்லை. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதையும், தீப்பற்றியதையும், ஊர் திரண்டதையும் நினைவூட்டினார். பின்பு 2020 இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அங்கே இடமில்லை. முன்பே உள்ள கிணறுகளுக்கு அச்சட்டம் தடையன்று.

என் கருத்தை மறைக்காமல் சொன்னேன். சவுக்காரத்தைக் காட்டிலும் நான் அஞ்சுவது உப்பையே. எண்ணெயோடு மேலே வரும் உப்பு நீர், கிணறு மூப்படைய மூப்படைய அதிகமாகிறது. எண்ணெயைவிட நீரே மிகுதியாக வரும் கிணறுகள் பல. அந்நீரைத் தூய்மை செய்து ஆழத்துக்கே திருப்பி அனுப்பினால் கேடில்லை. வாய்க்காலில் விட்டால் நெல் கருகும், களிமண் இறுகும், அவ்வயல் பல போகத்துக்குத் தேறாது. "கிணற்றுக்குள் என்ன போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள், மாமா. வெளியே வரும் உப்பு நீர் நாள்தோறும் எத்தனை, அது எங்கே போகிறது, கணக்கேடு உண்டா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்" என்றேன்.

"கணக்கேடு என்றால் உனக்கு உயிர்" என்று சிரித்தார். பிறகு அக்கேள்வியை மெதுவாகச் சொல்லச் சொல்லி, பேரனைக் கொண்டு எழுதி வாங்கிக்கொண்டார். கிராம சபை இன்னும் கூடவில்லை.

பாத்திரத் திரவம் இட்ட சீசா எங்கள் வீட்டுச் சன்னலில் பதினேழு நாளாகப் பிரியாமல் நிற்கிறது. நல்ல சீசாவாம், ஊறுகாய் போட வேண்டும் என்று என் மனைவி நாள்தோறும் கேட்கிறாள்.