எவ்வாறு இறந்தார் என்று கேட்கும் உரிமை

போர்க்களத்தில் ஒருவர் வீழ்ந்தார் என்ற செய்தி வீட்டு வாசலுக்கு வரும்போது அதனுடன் இரங்கல் மடல் வருகிறது. கொடி போர்த்திய பேழை வருகிறது. படை மரியாதையும் வருகிறது. அவர் எவ்வாறு இறந்தார் என்ற உண்மை மட்டும் எல்லா வேளைகளிலும் உடன் வருவதில்லை. அதைத் தேடும் பாரம் பெரும்பாலும் ஒரு தாயின் தோளிலோ மனைவியின் தோளிலோ விழுகிறது. பிரித்தானியப் படைவீரர் மற்றி ஹல்லின் மனைவி சூசன் ஹல் நான்கு ஆண்டுகள் சுமந்த பாரமும் அதுவே.

2003 மார்ச் 28ஆம் நாள், ஈராக்கின் பஸ்ரா நகருக்கு வடக்கே பிரித்தானிய அரச குதிரைப்படையின் கவச வாகன அணியொன்று சென்றுகொண்டிருந்தது. நேச நாட்டு வாகனங்கள் என்று வானிலிருந்து அறியும்படி அவற்றின்மீது செம்மஞ்சள் நிற அடையாளப் பட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. அமெரிக்காவின் இரு ஏ-10 போர் வானூர்திகளில் வந்தவர்கள் அப்பட்டைகளை எதிரியின் ஏவுகணைகள் எனக் கருதினர். ஒரு வானூர்தி இருமுறை தாழப் பறந்து சுட்டது. ஹல் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 25. மேலும் சிலர் காயமடைந்தனர்.

நேசப் படையின் சூட்டில்தான் அவர் இறந்தார் என்பதை எவரும் மறுக்கவில்லை. அந்தச் சூடு எவ்வாறு நிகழ்ந்தது என்பதே மறைக்கப்பட்டது. வானூர்தியின் ஒளிப்பதிவுக் கருவி அனைத்தையும் பதிந்திருந்தது. ஓட்டிகளின் உரையாடலும் அதில் இருந்தது. ஆயினும் அப்படியொரு பதிவே இல்லை என்று குடும்பத்தினருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பின்னர் பதிவு இருப்பது தெரியவந்தபோது, அது அமெரிக்காவின் உடைமை, அதன் இசைவின்றி மன்றில் காட்டவியலாது என்றனர்.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தின் வலிமையை எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். அயல்நாட்டில் அகால மரணம் எய்திய ஒருவரின் உடல் இங்கிலாந்துக்கோ வேல்சுக்கோ கொண்டுவரப்பட்டால், மரண விசாரணை அதிகாரி அதனை விசாரித்தாக வேண்டும். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்ற நான்கு கேள்விகளுக்கு அவர் விடை காண வேண்டும். அவர் படைத்துறையின் ஊழியர் அல்லர். ஒக்ஸ்போர்ட்டில் விசாரணையை நடத்திய அன்ட்ரூ வோக்கர், பதிவு கிடைக்காத நிலையில், 2007 பெப்ரவரியில் விசாரணையை ஒத்திவைத்தார். சில நாட்களில் 'த சன்' நாளேடு அப்பதிவை வெளியிட்டது. அதன்பின்னரே அமெரிக்கா இசைந்தது.

2007 மார்ச் 16ஆம் நாள் முடிவு வந்தது: இது சட்டவிரோதக் கொலை. அந்த ஓட்டிகள் விசாரணைக்கு வந்து சாட்சியமளிக்கவில்லை. அமெரிக்கப் படைத்துறை தன் சொந்த விசாரணையில் அவர்களை முன்னரே குற்றமற்றவர்கள் என விடுவித்திருந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

அப்படியாயின் அந்தப் பெண் பெற்றதென்ன என்று சிலர் வினவலாம். தன் கணவரின் இறுதிக் கணங்கள் அரசின் இரகசியக் கோப்பாக முடிந்துபோகாமல், பொதுமன்றில் எழுதப்பட்ட உண்மையாக நிலைபெற்றதையே அவர் பெற்றார். தண்டனை நீதியின் ஒரு பகுதி. உண்மை அதன் அடித்தளம். அடித்தளமே இல்லாத இடத்தில் ஆறுதல் மொழிகளுக்கு என்ன மதிப்பு?

போர் பறித்த உறவுகளின் முடிவை அறியாமலே நாட்களைக் கடத்தும் குடும்பங்கள் எம்மிடையே பல உள. சூசன் ஹல்லின் வேதனையை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் வேதனையை வழக்காக்கவும், கேள்வியைப் பதிவாக்கவும், 'இல்லை' என்ற பதிலை எழுத்தில் கேட்கவும் தெரிந்தவர்கள் எம்மில் சிலரே. புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்து, அந்நாட்டின் மொழியிலும் சட்டத்திலும் தேர்ந்து வளரும் இளையோரிடமே இக்கடமை சேர்கிறது. பெற்றோரே, பிள்ளைகளுக்கு எமது இழப்புகளைச் சொல்லுங்கள். கூடவே, எந்த மன்றில், எந்தச் சட்டத்தின்கீழ், எப்படிக் கேட்பது என்பதையும் அவர்கள் கற்கத் துணைநில்லுங்கள்.

படைகள் நேசமானவையாயினும் பகையானவையாயினும், இறந்தவர் எவ்வாறு இறந்தார் என்று கேட்பது நன்றியின்மை அன்று, தேசத்துரோகமும் அன்று. அது உயிரோடிருப்போரின் உரிமை.