யாருடைய முகம்?

லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். வின்செஸ்டர் சின்ன ஊர்தான். பழம்பெருமை மட்டும் சின்னதல்ல. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரின் தலைநகரமாக இருந்தது. கடைவீதி முடியும் இடத்தில் வாளை உயர்த்தியபடி அவர் வெண்கலத்தில் நிற்கிறார். 1901இல் வைத்த சிலை. மேட்டில் இருக்கும் பழைய கோட்டை மண்டபத்துச் சுவரில் ஒரு பெரிய வட்ட மேஜை தொங்குகிறது. ஆர்தர் மன்னரும் அவரது வீரர்களும் சுற்றி அமர்ந்த மேஜை என்று வெகுகாலம் நம்பினார்கள். 1970களில் மரத்தை ஆராய்ந்ததில் அது 13ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று தெரிந்தது. அதன் மேல் உள்ள ஓவியம் எட்டாம் ஹென்றி காலத்தில் தீட்டியது. வாழ்ந்தாரா என்றே நிச்சயமில்லாத மன்னருக்கு இத்தனை மரியாதை!

மன்னர்கள் விஷயத்தில் இந்த ஊருக்கு நல்ல ஞாபகசக்தி. மற்றவர்கள் விஷயத்தில் எப்படி? அதைத் தெரிந்துகொள்ளப் பேராலயத்துக்குள் போக வேண்டும்.

1079இல் கட்டத் தொடங்கிய ஆலயம் இது. நீளம் சுமார் 170 மீட்டர். உள்ளே வடக்குப் பக்கம் நடந்தால் தரையில் ஒரு கல்லறைப் பலகை. ஜேன் ஆஸ்டின். வைத்தியத்துக்காக இங்கே வந்து, ஆலயத்துக்கு அருகிலேயே கல்லூரித் தெருவில் ஒரு வீட்டில் தங்கி, 1817 ஜூலை 18 அன்று 41 வயதில் இறந்துபோனார். கல்லில் அவருடைய தந்தையின் பெயர் இருக்கிறது, குணநலன்கள் இருக்கின்றன. நாவல்கள் எழுதினார் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. உயிரோடு இருந்தவரை புத்தகங்களில் அவர் பெயரைப் போடாமலே அச்சிட்டார்கள். கல்லறையும் அந்த வழக்கத்தையே பின்பற்றியது. அவர் எழுத்தாளர் என்று சொல்லும் பித்தளைப் பலகை சுவரில் ஏறியது 1872இல். அவர் முகம் பத்து பவுண்டு நோட்டில் வந்ததோ 2017இல்.

இன்னொருவர் கதை இதைவிட விசித்திரம்.

பேராலயம் நிற்பது இட்சன் ஆற்றங்கரையின் சதுப்பு நிலத்தில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குப் பகுதி அமிழ்ந்து, சுவர்கள் சாய்ந்து, விரிசல் விட ஆரம்பித்தது. அஸ்திவாரத்தைப் பலப்படுத்தக் குழி தோண்டினால் ஊற்றுநீர் நிறைந்துவிடுகிறது. நீரை இறைத்தால் மண்ணும் சேர்ந்து வரும், கட்டடமே விழலாம். ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ் என்ற பொறியாளர் ஒரு யோசனை சொன்னார்: நீரை அப்படியே விட்டு, ஆளை உள்ளே இறக்குவது.

இறங்கியவர் வில்லியம் வாக்கர். கடலில் மூழ்கி வேலை செய்து பழகியவர். 1906 முதல் 1911 வரை, கனத்த உடையும் தலைக்கவசமும் அணிந்து, சுமார் ஆறு மீட்டர் ஆழம் வரை மூழ்கி வேலை செய்தார். சேறு கலந்த நீரில் விளக்கு வெளிச்சம் உதவாது; எல்லாம் கைத்தடவல்தான். 25,000க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடியில் அடுக்கி ஊற்றை அடைத்தார். அதன் பிறகே நீரை இறைத்துவிட்டுக் கொத்தனார்கள் இறங்கிச் செங்கல் கட்ட முடிந்தது. 1912இல் நன்றி வழிபாட்டுக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வாக்கருக்கு விருது கொடுத்தார். 1918இல் உலகையே வாட்டிய விஷக் காய்ச்சலில் வாக்கர் இறந்தார்.

1964இல் அவருக்குப் பேராலயத்தில் ஒரு சிறு சிலை வைத்தார்கள். உடை மூழ்குபவருடையது, முகம் பொறியாளர் ஃபாக்ஸுடையது! புகைப்படத்தில் ஆள் மாறிவிட்டது. தவறைத் திருத்தி, வாக்கரின் சொந்த முகத்தோடு வேறு சிலை வைத்தது 2001இல்.

ஃபாக்ஸ் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது, உண்மைதான். ஆனால் யோசனை சொன்னவரையும் இருட்டில் இறங்கியவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், நம் கண் யாரை முதலில் பார்க்கிறது என்பதை அந்தச் சிலை 37 வருடம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆலயத்தின் நிலவறையில் மழைக்காலத்தில் இன்றும் நீர் புகுந்துவிடுகிறது. அந்த நீரில் ஆண்டனி கோர்ம்லி செய்த ஈய மனிதன் ஒருவன், குவித்த கைகளைப் பார்த்தபடி தனியாக நிற்கிறான். அது வாக்கரின் உருவம் அல்ல. ஆனால் அவர் கதை தெரிந்தவர்களுக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

திரும்பும் முன் ஆற்றோரமாக ஒரு மைல் நடந்து செயின்ட் கிராஸ் தர்மசாலைக்குப் போய் வாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியது. வழிப்போக்கர்களுக்கு ஒரு துண்டு ரொட்டியும் ஒரு சிறு குவளை பீரும் தரும் வழக்கம் அங்கே இன்னும் உண்டு. யார், எந்த ஊர் என்ற விசாரணை கிடையாது. ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும்.

வின்செஸ்டரில் மன்னர்கள் தாமாகவே கண்ணில் படுவார்கள். வாக்கரை மட்டும் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.