ஓரெழுத்தில் ஒரு பிள்ளையின் விதியா?

பதினோராண்டுக் காலம் ஒரு பிள்ளை கற்ற கல்வியனைத்தையும் ஓரெழுத்தில் அடக்கிவிட முடியுமென்று நம்புகிறவர்கள் நம் கல்வியுலகில் இருக்கிறார்கள். நம்புவதோடு நின்றிருந்தால் நாம் பேசாதிருந்துவிடலாம். அந்த எழுத்தையே சாவியாக்கிச் சிலருக்குக் கதவைத் திறந்தும் பலருக்கு அடைத்தும் வருகிறார்களே, அதனாற்றான் பேச வேண்டியிருக்கிறது.

இலங்கையின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையையே எடுத்துக்கொள்வோம். முன்னர் 'டி', 'சி', 'எஸ்', 'எஃப்' என்றிருந்த எழுத்துக்கள் இன்று 'ஏ', 'பி', 'சி', 'எஸ்', 'டபிள்யூ' என்று மாறியிருக்கின்றன. 75 முதல் 100 வரை 'ஏ'. 65 முதல் 74 வரை 'பி'. 50 முதல் 64 வரை 'சி', அதாவது திறமைச் சித்தி. 35 முதல் 49 வரை 'எஸ்', அதாவது சாதாரண சித்தி. 34உம் அதற்குக் கீழும் 'டபிள்யூ'. பரீட்சார்த்தியின் கைக்கு வருவது இவ்வெழுத்து மட்டுமே. அதற்குப் பின்னாலிருக்கும் புள்ளி அவனுக்குச் சொல்லப்படுவதில்லை.

இந்த வேலிகளின் அகலத்தை அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? 'பி' என்னும் வயலுக்குள் 10 புள்ளிகள், 'சி'க்குள் 15, 'எஸ்'ஸுக்குள் 15, 'ஏ'க்குள் 26, 'டபிள்யூ'வுக்குள் 35. ஒரு புள்ளியால் தவறிய பிள்ளைக்கும், வினாத்தாளில் ஒரு வரியேனும் எழுத இயலாத பிள்ளைக்கும் ஒரே எழுத்து. முன்னவனுக்கு வேண்டியது ஒரு மாதப் பயிற்சி. பின்னவனுக்கு வேண்டியதோ அடியிலிருந்தே தொடங்கும் அரவணைப்பு. இருவரையும் ஒரே முத்திரை குத்தி அனுப்பிவிட்டால், எவனுக்கு எந்த உதவி வேண்டுமென்று ஆசிரியர் எங்ஙனம் அறிவார்? பெற்றோர் எங்ஙனம் அறிவர்?

எழுத்து முறைக்காக வாதாடுவோர் ஒரு நியாயம் கூறுகின்றனர். "ஓரிரு புள்ளி வேற்றுமையைப் பெரிதாக்கி மாணவரை ஒருவரோடொருவர் மோதவிடலாகாது, 81 பெற்றவனும் 83 பெற்றவனும் ஆற்றலில் சமமானவர்களே, ஆகையால் இருவருக்கும் ஒரே எழுத்து வழங்குவதே அறம்" என்கின்றனர். நல்லது. ஒரே கட்டுரை விடையை இரு திருத்துநர்கள் திருத்தினால் இரு வேறு புள்ளிகள் விழக்கூடும் என்பது ஆசிரியத் தொழில் செய்வோர் யாவரும் அறிந்ததே. ஆகவே அவர்களது நியாயத்தை நாமும் ஏற்கிறோம். ஏற்றுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்கிறோம்: 81க்கும் 83க்கும் இடையே இல்லாத வேற்றுமை, 34க்கும் 35க்கும் இடையே மட்டும் எங்கிருந்து முளைத்தது? வயலின் நடுவில் மன்னிக்கப்படும் ஒரு புள்ளி, வரப்பின் மேல் வந்ததும் கொலைவாளாகி விடுகிறதே, இதுதான் அறமா? எழுத்து முறை சிறு வேற்றுமையை ஒழிக்கவில்லை. எல்லாரிடமிருந்தும் அதைத் திரட்டி, எல்லையில் நிற்கும் பிள்ளைகளின் தலையில் இறக்கி வைத்திருக்கிறது.

இதன் விளைவைக் கணக்காகவே காட்டலாம். உயர்தர வகுப்பில் சேரப் பொதுவாகக் கோரப்படும் தகுதி, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி. அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தி. ஒரு மாணவி எட்டுப் பாடங்களில் தலா 74 புள்ளிகள் பெற்று, கணிதத்தில் 34 பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளது கூட்டுத்தொகை 626. இன்னொரு மாணவன் மூன்று பாடங்களில் தலா 50, தாய்மொழி, கணிதம், மற்றுமொன்றில் தலா 35 பெற்று, எஞ்சிய மூன்றில் ஒன்றுமே பெறவில்லை. அவனது கூட்டுத்தொகை 255. விதிப்படி அவனுக்குக் கதவு திறக்கிறது, அவளுக்கு அடைபடுகிறது. அந்த மாணவன் உள்ளே செல்வதை நாம் குறை கூறவில்லை. அவன் கற்கட்டும், உயரட்டும். அந்த மாணவி ஏன் வெளியே நிற்கிறாள் என்பதே நம் கேள்வி. மீண்டும் எழுதலாமே என்பார்கள். எழுதலாம். ஆனால் காத்திருக்கும் காலத்தில் வறிய வீட்டுப் பிள்ளைக்கு, அதிலும் பெண் பிள்ளைக்கு, கல்வியே முடிந்துவிடுவதை அறியாதவரா நாம்?

மேல்தட்டிலும் இதே கூத்துத்தான். பெறுபேறு வெளியானதும் பாடசாலை வாயில்களில் '9 ஏ' எடுத்தோரின் படங்கள் பதாகைகளில் தொங்குகின்றன. ஒன்பது பாடங்களிலும் சரியாக 75 எடுத்தாலே '9 ஏ' வந்துவிடும், கூட்டுத்தொகை 675. எட்டுப் பாடங்களில் முழுமையாக 100 எடுத்து ஒன்றில் 74 எடுத்த பிள்ளைக்குக் கூட்டுத்தொகை 874. ஆனால் அவனுக்கு '8 ஏ' மட்டுந்தான், பதாகையில் இடமில்லை. கல்வியை எண்ணிக்கையாக்கி, எண்ணிக்கையை விளம்பரமாக்கி, விளம்பரத்தை வியாபாரமாக்கும் தனியார் வகுப்புக்காரர்களுக்கு இந்த எழுத்துக்கள் வாய்த்த முதலீடு.

சரி, எழுத்தின் மீது அரசுக்காவது நம்பிக்கை உண்டா? உயர்தரப் பரீட்சையைப் பாருங்கள். அங்கும் 'ஏ', 'பி', 'சி', 'எஸ்' உண்டு. 'எஸ்'ஸாவது மூன்று பாடங்களில் இருந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் யார் தெரிவாவது என்பதைத் தீர்மானிப்பது எழுத்தன்று, இசட் புள்ளி. பாடத்தின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை, அப்பாடத்துப் புள்ளிகளின் பரவலால் வகுத்து, நான்கு தசம தானம் வரை கணித்துத் தருகிறார்கள். அதன்மேல் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. மூன்று 'ஏ' பெற்றவர் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகாமற் போவது இதனாற்றான். ஒரு பாடத்தின் 75உம் இன்னொரு பாடத்தின் 75உம் ஒன்றல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளமே இசட் புள்ளி. அங்ஙனமிருக்க, சாதாரண தரத்துப் பிள்ளைக்கு மட்டும் எழுத்தே வேதவாக்கு என்பது என்ன நீதி?

இசட் புள்ளியும் குறையற்றதென்று நாம் கூற வரவில்லை. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணித்த இசட் புள்ளியை, 2012இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. ஆயினும் அத்தீர்ப்பு கிடைத்தது எதனால்? கணக்கு வெளியே தெரிந்தது. தெரிந்ததால் வழக்காட முடிந்தது. எழுத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் புள்ளியோடு யார் வழக்காடுவது?

அயல்நாட்டையும் பார்ப்போம். இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒவ்வொரு பாடத்திலும் தேறியவர்களை வரிசைப்படுத்தி எட்டுச் சம பங்காக்கி, முதற்பங்குக்கு 'ஏ1' என்றும் அடுத்ததற்கு 'ஏ2' என்றும் வழங்குகிறது. அங்கே எழுத்து என்பது அறிவின் அளவன்று, வரிசையில் நிற்கும் இடம். அம்முறையிலும் குறை காணலாம். ஆனால் எழுத்தோடு புள்ளியும் சான்றிதழில் இருப்பதால், பிள்ளை தன் நிலையைத் தானே அறிகிறான். இங்கிலாந்தில் 2017 முதல் எழுத்துக்களை விடுத்து 9 முதல் 1 வரை எண்களால் தரமிடத் தொடங்கினர். ஒவ்வோராண்டும் வினாத்தாளின் கடினத்தைக் கருதித் தர எல்லைகளை வகுத்து, அவ்வெல்லைகளை வெளியிடுகின்றனர். கேட்பதற்கு ஆதாரம் பெற்றோர் கையில் இருக்கிறது.

நாம் வானத்தை வளைக்கக் கேட்கவில்லை. எழுத்தோடு புள்ளியையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். எந்தப் பகுதியில் வென்றான், எதில் தளர்ந்தான் என்று ஒரு சிறு குறிப்பையும் சேருங்கள். எல்லைக்கு ஓரிரு புள்ளி கீழே நிற்கும் விடைத்தாள்களை, பெறுபேறு வெளியாகுமுன்னரே வேறொரு திருத்துநர் கண்டு உறுதிசெய்யட்டும். பிற பாடங்களில் திறமை காட்டிய பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால், உயர்தர வகுப்பில் கற்றுக்கொண்டே அதை எழுதித் தேறும் உரிமையைச் சலுகையாக அன்றி விதியாகவே வழங்குங்கள். இவற்றிற்குப் புதிய கட்டடம் வேண்டா, அயல்நாட்டுக் கடன் வேண்டா. புள்ளிகள் ஏற்கெனவே திணைக்களத்தின் ஏடுகளில் இருக்கின்றன.

1945இல் இலவசக் கல்வியைச் சட்டமாக்கிய நாடு இது. காசில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் பள்ளி வாயிலில் நிற்கலாகாதென்று அன்று முடிவு செய்தார்கள். ஒரு புள்ளி இல்லை என்பதற்காகவும் எவரும் அங்கே நிற்கலாகாதென்று முடிவு செய்வது நம் காலத்தின் கடமை. கல்வி அமைச்சும் பரீட்சைத் திணைக்களமும் இதற்கு விடை சொல்லட்டும். அதுவரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.