செந்தட்டியும் முழுக்கால்சட்டையும்

கோடையில் சைக்கிள் ஓட்டுபவர் எந்தக் கால்சட்டையை அணிய வேண்டும் என்பது இலக்கியம் பேசும் இடத்தில் எழுதத்தக்க பொருளா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆயினும், துணியைத் தவறாகத் தேர்ந்ததால் ஒரு பாதையையே கைவிட நேரும் என்பதைச் சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் அறிந்துகொண்ட பிறகு, எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் பிரைடில்வே எனப்படும் குதிரைப் பாதைகள் பல உள்ளன. நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, இத்தகைய பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் வழங்கியது. வசந்தத்தில் இப்பாதைகள் அகலமாகத் தெரியும். ஜூன் பிறந்துவிட்டால் இருபுறமும் நெட்டில் செடி இடுப்பளவு எழுந்து நடுவில் சாய்ந்துகொள்கிறது.

நெட்டிலைத் தமிழில் செந்தட்டி என்று எழுதுவது தாவரவியல்படி சரியன்று. நம்மூர்ச் செந்தட்டி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முடியினுள் இருப்பது கால்சியம் ஆக்சலேட் படிக ஊசி. நெட்டிலின் முடி நுனியோ கண்ணாடிக்கு உறவான சிலிக்காவால் ஆனது. ஆனால் மேலே பட்டுத் துடிப்பவனுக்கு இந்த வேறுபாட்டால் பயனில்லை. ஆகவே அந்தப் பெயரையே இங்கு வைத்துக்கொள்கிறேன்.

அன்று நான் அணிந்திருந்தது கணுக்கால்வரை நீண்ட, உடலோடு ஒட்டிய லைக்ரா கால்சட்டை. கால் முழுவதும் மூடியிருக்கிறதே என்ற துணிவில் செடிகளுக்குள் வண்டியை விட்டேன். ஐம்பது அடி போவதற்குள் இரு முழங்கால்களும் தொடைகளும் பற்றி எரிந்தன. திரும்பி வந்து நெடுஞ்சாலையில் ஏறினேன். அங்கே ஒரு லாரி என் முழங்கையை உரசுவதுபோல் கடந்து சென்றது. செந்தட்டியின் எரிச்சல் மறுநாள் காலையில் தணிந்துவிட்டது. லாரியின் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளிய அந்த நொடி இன்னும் தணியவில்லை.

மூடிய கால் எப்படிச் சுடப்பட்டது? செடியின் முடி ஏறத்தாழ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள உள்ளீடற்ற குழல். தொட்டவுடன் அதன் நுனி சாய்வாக உடைந்து ஊசிமுனையாகிறது. ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் ஆகியவை கலந்த நீர் தோலுக்குள் இறங்குகிறது. லைக்ராவோ பின்னப்பட்ட துணி. நூல் வளையங்களால் ஆனது. முழங்கால் மடங்கி அது இழுபடும்போது ஒவ்வொரு வளையமும் வாய் திறக்கிறது. துணியும் தோலும் ஒட்டிக் கிடப்பதால், ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்தாலே முடியின் வேலை முடிந்துவிடுகிறது.

இதிலிருந்து நான் பெற்ற முடிவு எளியது: செந்தட்டிக்கு எதிரே தடிமனைவிட இடைவெளியே பெரிய காப்பு. தறியில் நெருக்கமாக நெய்த மெல்லிய துணி, காலைத் தொட்டும் தொடாமலும் தளர்வாக இருந்தால் போதும். ஜீன்ஸ் தடுக்காதா என்று கேட்கலாம், பெரும்பாலும் தடுக்கும். ஆனால் சதுர மீட்டருக்கு நானூறு கிராம் அளவுக்கு எடையுள்ள பருத்தி, வியர்வையைக் குடித்துக்கொண்டு உலர மறுக்கும். இருக்கையில் அதன் தையல் உறுத்தும். நடைப்பயணிகளுக்கென்று விற்கப்படும் நைலான், பாலியெஸ்டர் கால்சட்டைகளில் சதுர மீட்டருக்கு நூறு முதல் நூற்றைம்பது கிராம் எடையிலேயே நெருக்கமான நெசவு கிடைக்கிறது. இடையிடையே தடித்த நூலோடும் ரிப்ஸ்டாப் வகையானால், முட்புதரில் சிக்கினாலும் கிழிசல் பரவாது.

கடையில் நின்று பார்ப்பது போதாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் வேண்டாம். பிறகு அணிந்துகொண்டு, மிதிகட்டையின் மேல்நிலையில் கால் இருப்பதுபோல் முழங்காலை உயர்த்த வேண்டும். அப்போது துணி முழங்காலில் இறுகினால் செடி அங்கேதான் சுடும். கீழ்விளிம்பு மேலேறிக் கணுக்கால் வெளிப்பட்டால் அங்கும் சுடும். நீளம் சற்றுக் கூடுதலாக இருந்து, விளிம்பைப் பட்டையாலோ இழுகயிற்றாலோ இறுக்க முடிவது நல்லது. வலது பக்கச் சங்கிலியில் துணி சிக்காதிருக்கவும் அது உதவும். காற்றோட்டத்துக்கான வலைத்துணி முழங்காலின் பின்புறம் இருந்தால் குறையில்லை. முன்புறம் இருக்கவே கூடாது, ஏனெனில் செடியை முதலில் சந்திப்பது அப்பகுதி. நிறம் வெளிறியதாக இருந்தால் வெயிலும் குறைவாக ஏறும். புல்லிலிருந்து தொற்றும் உண்ணியும் கண்ணுக்குத் தெரியும். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உள்ள நாட்டில் இது சிறிய செய்தியன்று.

வெயிலில் முழுக்கால்சட்டையா என்ற மறுப்பை நான் அலட்சியம் செய்யவில்லை. 2022 ஜூலை 19 அன்று கோனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவான நாடு இது. ஆனால் தளர்ந்த மெல்லிய துணிக்குள் ஓட்டத்தின் காற்று புகுந்து வெளியேறுகிறது. அந்தக் காற்று நின்றுபோகும் ஏற்றங்களில் புழுக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மிகக் கடும் வெயிலில் வண்டியை எடுக்காதிருப்பதே நல்லது.

செடியை வெட்டிவிட்டால் இந்த ஆராய்ச்சியே வேண்டாமே என்பார்கள். குழந்தைகளும் முதியோரும் போகும் பாதையில் வெட்டத்தான் வேண்டும். ஆனால் மஞ்சள் நிற வேர்த்தண்டுகளிலிருந்து அது மீண்டும் துளிர்க்கும். பாதைக்கு அப்பாலும் அதை ஒழித்துவிட்டாலோ, பீகாக், ஸ்மால் டார்டாய்ஸ்ஷெல் என்னும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு உணவில்லாமற் போகும். அவை பெரிதும் நம்பியிருப்பது இந்தச் செடியை. பாதையை ஆண்டு முழுதும் திறந்து வைத்திருப்பது கத்தியைவிடக் காலும் சக்கரமும்தான். ஆள் போகாத பாதையைச் செடி மூடுகிறது. செடி மூடியதால் ஆள் போவதில்லை. சட்டம் தந்த உரிமை தாளில் அப்படியே இருக்க, பாதை மட்டும் காணாமற்போகிறது. அன்று நான் திரும்பி வந்ததும் அந்த மூடலுக்கு என் பங்கைச் செலுத்தியதாகவே ஆயிற்று.

இச்செடி துணிக்குப் பகையும் அன்று. டென்மார்க்கின் லூசெஹோய் மேட்டில், வெண்கலக் காலத்துக் கல்லறையொன்றில் கிடைத்த துணி நெட்டில் நாரால் ஆனது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் உலகப்போரில் பருத்தி வரத்து தடைப்பட்டபோது ஜெர்மனி இந்நாரிலிருந்து துணி நெய்தது. நேபாள மலைகளில் அல்லோ என்னும் இதன் உறவுச்செடியிலிருந்து இன்றும் நெய்கிறார்கள். செடியைத் தொடத் துணி வேண்டும், துணிக்கோ அந்தச் செடி வேண்டும் என்ற நிலையில் வாழ்ந்த மனிதர்கள் நம்மைவிடப் பொறுமையாக அதை அணுகியிருப்பார்கள்.

இந்தக் கோடைக்கென்று வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு தளர்ந்த கால்சட்டை வாங்கினேன். விளையாட்டு வீரனுக்குரிய தோற்றம் அதில் சிறிதும் இல்லை. அதை அணிந்து அதே பாதையில் மும்முறை போய்வந்தேன். முதல் முறை செடிகள் இருபுறமும் உரசின. மூன்றாம் முறை, நடுவில் ஒரு சக்கர அகலத்துக்கு மண் தெரிந்தது.